ஷார்ட்கட்ல கொடுத்த ஆர்க்யூமெண்ட் ஸ்கிரிப்ட்டுக்கு ஏன் போய் சேரலை?

தம்பி, நீங்க கேட்டது இதுதான். சென்னையில மூணு கிளை இருக்கற கடை, தாம்பரம், வேளச்சேரி, அண்ணா நகர். ராத்திரி கடை சாத்தறதுக்கு முன்னாடி அன்னிக்கு வசூல் கணக்கு எடுக்க ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் எழுதியிருக்கீங்க, அதுக்கு கிளை பேரை ஆர்க்யூமெண்ட்டா, அதாவது ஓட்டும்போது ஸ்கிரிப்ட் பேருக்கு பின்னாடி சேர்த்து, கொடுக்கணும். கவுண்டர்ல இருக்கறவங்க கமாண்ட் டைப் பண்ண மாட்டாங்க, அதனால கிளைக்கு ஒரு ஷார்ட்கட் டெஸ்க்டாப்ல. உங்க மெஷின்ல தாம்பரமும் வேளச்சேரியும் ஓடுது, அண்ணா நகர் மட்டும் கறுப்பு விண்டோ வந்து கண்ணு மூடி தொறக்கறதுக்குள்ள போயிடுது. கணக்கு பாக்கற அக்கா மெஷின்ல அதே ஷார்ட்கட்டை காப்பி பண்ணி வச்சா மூணுமே "கிளை பேர் கொடுக்கலை"ன்னு நிக்குது. ரெண்டு மெஷின்லயும் கமாண்ட் ப்ராம்ப்ட்ல அடிச்சா எல்லாமே சரியா வருது. இதுல இன்னிக்கு தேதியையும் ஷார்ட்கட்லயே அனுப்ப முடியுமா, அடுத்த மாசம் வேளச்சேரி மெஷின்ல உபுண்டு போட்டா என்ன மாத்தணும்னும் கேட்டிருக்கீங்க.

மூணு நாளா ஸ்கிரிப்ட்டுக்குள்ள தேடிட்டு இருக்கேன்னு எழுதியிருந்தீங்க, அதை படிச்சப்போ தான் உடனே பதில் எழுதணும்னு தோணுச்சு. ஸ்கிரிப்ட்டை மூடி வைங்க. கமாண்ட் ப்ராம்ப்ட்ல சரியா ஓடற ஸ்கிரிப்ட்ல தேடி ஒண்ணும் கிடைக்காது. நீங்க டபுள் கிளிக் பண்றதுக்கும் ஸ்கிரிப்ட்டோட முதல் வரி ஓடறதுக்கும் நடுவுல நாலு கை மாறுது. எக்ஸ்ப்ளோரர் ஷார்ட்கட்டை படிக்குது, டார்கெட்ல (எதை ஓட்டணும்னு ஷார்ட்கட்ல எழுதி வச்சிருக்கற பெட்டி) இருக்கறது நேரா ஓடற ப்ரோக்ராமா இல்லையான்னு பாக்குது, இல்லைன்னா இந்த வகை ஃபைலை யாரு தொறக்கணும்னு ரிஜிஸ்ட்ரில (விண்டோஸ் தன் செட்டிங்கை எல்லாம் எழுதி வைக்கற இடம்) தேடி அங்க எழுதி வச்சிருக்கற வரியில உங்க ஃபைல் பேரை சொருகி ஒரே நீள சரமா ஆக்குது, அந்த சரத்தை பைத்தான் வாங்கி ஸ்பேஸ் வர்ற இடத்துல எல்லாம் வெட்டி லிஸ்ட்ல போட்டு உங்க ஸ்கிரிப்ட் கையில கொடுக்குது. எந்த கையில விழுந்துச்சுன்னு தெரியாம எதை மாத்தினாலும் அது குத்துமதிப்பு வேலை தான்.

அதனால முதல் காரியம், ஸ்கிரிப்ட்டுக்கு என்ன வந்து சேருதுன்னு கண்ணால பாக்கறது. கணக்கு ஸ்கிரிப்ட் இருக்கற அதே ஃபோல்டர்ல 'சோதனை'ன்னு ஒரு சின்ன பைத்தான் ஃபைல் போடுங்க. சிஸ், ஓஎஸ் ரெண்டு மாட்யூலையும் இம்போர்ட் பண்ணி, ஆர்க்யூமெண்ட் எல்லாம் வந்து சேர்ற ஆர்க்வி லிஸ்ட்ல இருக்கற ஒவ்வொண்ணையும் ரெப்ர் போட்டு தனித்தனி வரியா பிரிண்ட் பண்ணுங்க, அப்புறம் இப்போ எந்த ஃபோல்டர்ல நிக்குதுன்னு கெட்சிடபிள்யூடி வச்சு ஒரு வரி, எந்த பைத்தான் ஓடுதுன்னு எக்ஸிக்யூட்டபிள் வச்சு ஒரு வரி, கடைசியில விண்டோ மூடாம இருக்க வெறும் இன்புட். ரெப்ர் போடறது முக்கியம், வெறும் பிரிண்ட்ல ஓரத்துல ஒட்டிட்டு வந்த ஸ்பேஸோ கோட் மார்க்கோ கண்ணுக்கு தெரியாது. இப்போ அண்ணா நகர் ஷார்ட்கட்டை காப்பி பண்ணி, அதுல ஸ்கிரிப்ட் பேரை மட்டும் சோதனைன்னு மாத்தி, மத்த எதையும் தொடாம கிளிக் பண்ணி பாருங்க.

(கமாண்ட், பாத் எல்லாம் கீழ தமிழ் எழுத்துல எழுதுறேன், மெஷின்ல அடிக்கும்போது இங்கிலீஷ் எழுத்துல போட்டுக்குங்க. கோட், பேக்ஸ்லாஷ், சதவீத குறி, ஸ்பேஸ் இதெல்லாம் நான் போட்ட இடத்துலயே இருக்கணும்.)

உங்க மெஷின்ல என்ன வரும்னு இப்பவே சொல்லிடறேன். லிஸ்ட்ல முதல்ல ஸ்கிரிப்ட் பேர், அடுத்தது 'அண்ணா', அதுக்கு அடுத்தது 'நகர்'. தாம்பரமும் வேளச்சேரியும் ஒத்தை வார்த்தை, தப்பிச்சிடுச்சு. அண்ணா நகர் நடுவுல ஒரு ஸ்பேஸ், ரெண்டு ஆர்க்யூமெண்ட்டா உடைஞ்சிடுச்சு. உங்க ஸ்கிரிப்ட் 'அண்ணா'ன்னு ஒரு கிளையை தேடி, இல்லைன்னு எரர் அடிச்சு, விண்டோ மூடிடுச்சு. கமாண்ட் ப்ராம்ப்ட்ல அடிக்கும்போது கை பழக்கத்துல டபுள் கோட் போட்டிருப்பீங்க, ஷார்ட்கட்ல போடலை. நாளைக்கு கே.கே. நகர்ல கிளை தொறந்தாலும் இதே கதை தான்.

கோட் எங்க போடறதுங்கறதுல தான் நிறைய பேர் தடுக்கி விழறாங்க. ப்ராப்பர்ட்டீஸ்ல டார்கெட் பெட்டியில இருக்கறதை மொத்தமா சேர்த்து ஒரே ஜோடி கோட்டுக்குள்ள போட்டா, பேர் செல்லாதுன்னு விண்டோஸ் சண்டைக்கு வரும், ஏன்னா கோட்டுக்குள்ள இருக்கறது மொத்தமும் ஒரு ஃபைல் பேர்னு அது எடுத்துக்குது. ப்ரோக்ராமுக்கு ஒரு ஜோடி, ஸ்கிரிப்ட் பாத்துக்கு ஒரு ஜோடி, ஸ்பேஸ் இருக்கற ஒவ்வொரு ஆர்க்யூமெண்ட்டுக்கும் தனி ஜோடி, நடுவுல ஒரு ஸ்பேஸ். சிங்கிள் கோட் போட்டு பாக்காதீங்க, விண்டோஸ் கமாண்ட் லைன்ல அதுக்கு ஒரு மரியாதையும் கிடையாது, சாதா எழுத்து மாதிரி உள்ளே போயிடும்.

இப்போ அக்கா மெஷின். அங்க சோதனை ஸ்கிரிப்ட்டை ஓட்டினா லிஸ்ட்ல ஸ்கிரிப்ட் பேர் மட்டும் தான் வரும்னு நினைக்கறேன், பின்னாடி ஒண்ணுமே இருக்காது. இது கோட் பிரச்சினை இல்லை, ரிஜிஸ்ட்ரி கையில விழுந்தது. உங்க ஷார்ட்கட் டார்கெட்ல பைத்தான் ஃபைலையே நேரா போட்டிருக்கீங்க. பைத்தானை ஒழுங்கா இன்ஸ்டால் பண்ணின மெஷின்ல இந்த வகை ஃபைலுக்கு ரிஜிஸ்ட்ரில இருக்கற வரி ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"சி:\விண்டோஸ்\பை.எக்ஸ்இ" "%எல்" %*

கடைசியில இருக்கற அந்த %* தான் மீதி ஆர்க்யூமெண்ட் எல்லாத்தையும் உள்ளே தள்ளுது. அக்கா மெஷின்ல யாரோ ஒரு நாள் பைத்தான் ஃபைலை ரைட் கிளிக் பண்ணி 'ஓப்பன் வித்' போய், பைத்தானை கை காட்டி, எப்பவும் இதுலயே தொறன்னு டிக் பண்ணியிருப்பாங்க. அப்படி பண்ணினா விண்டோஸ் புதுசா ஒரு வரி எழுதிக்கும், அதுல பைத்தான் பேரும் "%1"ம் மட்டும் தான் இருக்கும், %* இருக்காது. ஃபைல் தொறக்கும், ஸ்கிரிப்ட் ஓடும், ஆனா நீங்க கொடுத்த கிளை பேர் வாசல்லயே நின்னுடும். கமாண்ட் ப்ராம்ப்ட்ல நீங்க பைத்தான் பேரையும் சேர்த்து அடிக்கறீங்க, அதனால இந்த வரிக்கு வேலையே வரலை. அங்கயே பைத்தான்ங்கற வார்த்தை இல்லாம ஸ்கிரிப்ட் பேரை மட்டும் அடிச்சு பின்னாடி தாம்பரம்னு போட்டு பாருங்க, அதுவும் 'கிளை பேர் கொடுக்கலை'ன்னு சொன்னா சந்தேகமே வேண்டாம், இதுதான்.

எந்த வகை ஃபைலை எது தொறக்கணுங்கற வரியை காட்டி மாத்தற எஃப்டைப் கமாண்ட் போட்டு சரி பண்ணலாம்னு பல இடத்துல சொல்லுவாங்க. அது மெஷின் முழுக்க இருக்கற வரியை தான் காட்டும், தான் மாத்தும். ஓப்பன் வித் வழியா எழுதினது அந்த யூசரோட தனி விருப்பமா ரிஜிஸ்ட்ரில வேற இடத்துல உக்காந்திருக்கும், அதுக்கு தான் முதல் மரியாதை. எஃப்டைப் எல்லாம் சரின்னு காட்டும், ஷார்ட்கட் மட்டும் ஓடாது, பாக்கறவங்களுக்கு பைத்தியம் பிடிக்கும். என் தீர்ப்பு என்னன்னா, கடை ஆளுங்க கிளிக் பண்ற ஷார்ட்கட்ல ஃபைல் அசோசியேஷனை, அதாவது இந்த வகை ஃபைலை இது தொறக்கும்ங்கற அந்த ரிஜிஸ்ட்ரி வரியை, நம்பவே கூடாது. யாரு ஓட்டணும்னு டார்கெட்லயே எழுதிடுங்க:

சி:\விண்டோஸ்\பை.எக்ஸ்இ "சி:\கடை கணக்கு\வசூல்.பை" "அண்ணா நகர்"

இந்த பை.எக்ஸ்இ பைத்தான் 3.3 காலத்துல இருந்து, அதாவது 2012ல இருந்து இன்ஸ்டாலரோட கூடவே வர்ற லாஞ்சர் (பைத்தான் எங்க இருக்குன்னு தேடி ஓட்டறது), எல்லா யூசருக்கும் சேர்த்து இன்ஸ்டால் பண்ணினா விண்டோஸ் ஃபோல்டர்ல உக்காரும். பைத்தான் வெர்ஷன் நம்பரோட இருக்கற ஃபோல்டரை நேரா எழுதினா அடுத்த அப்டேட்ல ஃபோல்டர் பேர் மாறி ஷார்ட்கட் செத்துடும், லாஞ்சர்ல அந்த தொல்லை இல்லை. அக்கா மெஷின்ல லாஞ்சர் எங்க இருக்குன்னு 'வேர்' கமாண்ட் போட்டு ஒரு தடவை பாத்துக்குங்க. வெறுமனே பைத்தான்னு எழுதினா சில விண்டோஸ் 10, 11 மெஷின்ல மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் தொறந்துக்கும், அது வேற சனியன்.

இதை மாத்தின உடனே ஒரு புது எரர் வர வாய்ப்பு இருக்கு, பயந்துடாதீங்க. டார்கெட்டுக்கு கீழ 'ஸ்டார்ட் இன்'னு ஒரு பெட்டி, ஸ்கிரிப்ட் எந்த ஃபோல்டர்ல நின்னுகிட்டு ஓடணுங்கறது அது. டார்கெட் லாஞ்சரா இருக்கற மாதிரி ஷார்ட்கட்டை புதுசா போட்டா ஸ்டார்ட் இன் பெரும்பாலும் விண்டோஸ் ஃபோல்டர்னு தானா நிரம்பிக்கும். உங்க ஸ்கிரிப்ட் கிளை லிஸ்ட்டை பாத் இல்லாம வெறும் ஃபைல் பேரை வச்சு தொறந்தா அதை விண்டோஸ் ஃபோல்டர்ல போய் தேடும். ஸ்டார்ட் இன்ல கணக்கு ஃபோல்டரை போடுங்க, அதை விட நல்லது ஸ்கிரிப்ட்டுக்குள்ளயே முன்னாடியும் பின்னாடியும் டபுள் அண்டர்ஸ்கோர் போட்ட ஃபைல்ங்கற வேரியபிளை வச்சு தன் ஃபோல்டரை தானே கண்டுபிடிக்க சொல்லுங்க, பேட்ச் ஃபைலா (விண்டோஸ் கமாண்டுங்களை வரிசையா எழுதி வச்ச ஃபைல்) இருந்தா அதுக்கு %~டிபி0. 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' டிக் பண்ணி வச்சிருந்தா இது இன்னும் மோசம். அட்மினா ஓட்டின பேட்ச் ஃபைல் சிஸ்டம்32 ஃபோல்டர்ல நின்னு தான் ஆரம்பிக்கும், நீங்க மேப் பண்ணி வச்ச நெட்வொர்க் ட்ரைவும் அதோட கண்ணுக்கு தெரியாது. கணக்கு எடுக்க அட்மின் தேவையே இல்லை, அந்த டிக்கை எடுத்துடுங்க.

ஸ்பேஸ் இல்லாத பேருக்கும் சேர்த்து எல்லா பாத்துக்கும் கோட் போடற பழக்கம் நல்ல பழக்கம் தான், ஆனா அதுல ஒரு குழி இருக்கு, அதை நான் மறக்கவே மாட்டேன். சைதாப்பேட்டையில ஒரு சின்ன அச்சகத்துக்கு ராத்திரி பேக்கப் எடுக்க ரோபோகாப்பி (விண்டோஸோட ஃபைல் காப்பி கமாண்ட்) வச்சு ஒரு ஷார்ட்கட் போட்டு கொடுத்திருந்தேன், ரெண்டு பாத்தும் கோட்டுக்குள்ள. 2015 ஆகஸ்ட்ல ஃபோல்டரை மாத்தினப்போ முதல் பாத் முடிவுல ஒரு பேக்ஸ்லாஷ் சேர்ந்துடுச்சு, "டி:\பில்\" அப்படின்னு. விண்டோஸ்ல பெரும்பாலான ப்ரோக்ராமுங்க கமாண்ட் லைனை வெட்டற விதிப்படி கோட்டுக்கு முன்னாடி ஒட்டிட்டு வர்ற பேக்ஸ்லாஷ் அந்த கோட்டை சாதா எழுத்தா ஆக்கிடும், அதாவது கோட் மூடவே இல்லை. அடுத்த பாத்தும் இதோட ஒட்டிக்கிட்டு ரெண்டும் ஒரே ஆர்க்யூமெண்ட்டா போச்சு, எங்க காப்பி பண்ணணும்னே தெரியாம அது நின்னுடுச்சு. விண்டோ ஒரு செகண்ட்ல மூடிடும், அவங்களும் தினம் கிளிக் பண்ணிட்டு வீட்டுக்கு போயிட்டாங்க. டிசம்பர் 1 ராத்திரி அடையாறு தண்ணி உள்ள வந்துச்சு. மாடியில இருந்த டிஸ்க்கை எடுத்து பாத்தா ஆகஸ்ட்டுக்கு அப்புறம் ஒரு பில்லும் இல்லை. அந்த அம்மா முகத்தை பாத்து என்னால ஒண்ணும் சொல்ல முடியலை. கோட்டுக்குள்ள பாத் முடியற இடத்துல பேக்ஸ்லாஷ் வைக்காதீங்க, வச்சே ஆகணும்னா ரெண்டா போடுங்க.

அதனால தான் விண்டோ மூடற விஷயத்தை நான் சின்ன விஷயமா எடுத்துக்கறதே இல்லை. கடை ஆளுங்க கிளிக் பண்ற எந்த ஸ்கிரிப்ட்டும் முடிச்சிட்டேன், இத்தனை ரூபா எழுதினேன்னு சொல்லிட்டு ஒரு கீ அழுத்தற வரைக்கும் காத்திருக்கணும், தப்பாச்சுன்னா அந்த எரரை ஒரு லாக் ஃபைல்ல தேதியோட எழுதணும். கறுப்பு விண்டோ அசிங்கமா இருக்குன்னு பைத்தான்டபிள்யூ வச்சு ஓட்டறவங்க இருக்காங்க, அதுல விண்டோவே கிடையாது, எரர் வந்தா எங்கயும் தெரியாது. லாக் எழுதாத ஸ்கிரிப்ட்டை அதுல ஓட்டாதீங்க.

பேட்ச் ஃபைலா இருந்து விண்டோ மூடுதுன்னா டார்கெட்டுக்கு முன்னாடி சிஎம்டி /கே போட்டா விண்டோ நிக்கும் (கமாண்ட் ப்ராம்ப்ட் ப்ரோக்ராமோட பேர் தான் சிஎம்டி). ஆனா சிஎம்டிக்கு ஒரு வினோத பழக்கம், /கே-க்கு அப்புறம் கோட்ல ஆரம்பிச்சு ரெண்டு கோட்டுக்கு மேல இருந்தா முதல் கோட்டையும் கடைசி கோட்டையும் உரிச்சு எடுத்துடும். அதுக்கு பலி கொடுக்கவே வெளியில ஒரு ஜோடி அதிகமா போடணும்:

சிஎம்டி.எக்ஸ்இ /கே ""சி:\கடை கணக்கு\வசூல்.பேட்" "அண்ணா நகர்""

பாக்க தப்பு மாதிரி இருக்கும், இதுதான் சரி. பேட்ச் ஃபைலுக்குள்ள %1னு எடுத்தா கோட்டும் சேர்ந்தே வரும், %~1னு எடுத்தா கோட் இல்லாம வரும். அப்படி கோட்டை உரிச்சு எடுத்ததை திரும்ப வேற ஒரு கமாண்டுக்கு கொடுக்கும்போது நீங்களே "%~1"ன்னு கோட் போட்டு கொடுங்க. சவுகார்பேட்டை பில்லுங்கள்ல பாதி கம்பெனி பேர்ல & இருக்கும், கோட் இல்லாத & சிஎம்டிக்கு அடுத்த கமாண்ட் ஆரம்பிக்குதுன்னு அர்த்தம், பேர் நடுவுல அறுந்துடும். ஃபைலை இழுத்து பேட்ச் ஷார்ட்கட் மேல போடற ஆளா இருந்தாலும் இதை கவனிங்க, இழுத்து போட்ட ஃபைல் பாத் நீங்க டார்கெட்ல எழுதின ஆர்க்யூமெண்ட்டுக்கு அப்புறம் கடைசியில தான் வந்து ஒட்டும், அதுல ஸ்பேஸ் இருந்தா தான் எக்ஸ்ப்ளோரர் கோட் போடும், & மட்டும் இருந்தா போடாது.

பவர்ஷெல் ஸ்கிரிப்ட்டை டபுள் கிளிக் பண்ணினா சாதாரணமா ஓடவே ஓடாது, நோட்பேட்ல தான் தொறக்கும். டார்கெட்ல பவர்ஷெல்லை போட்டு -ஃபைல்னு எழுதி அப்புறம் பாத், அப்புறம் ஆர்க்யூமெண்ட். -ஃபைலுக்கு பின்னாடி வர்றது எல்லாம் ஸ்கிரிப்ட்டுக்கு தான் போகும், அதனால -எக்ஸிக்யூஷன்பாலிசி மாதிரி பவர்ஷெல்லுக்கு சொல்ற எதுவும் அதுக்கு முன்னாடியே வந்துடணும்.

இன்னும் ரெண்டு இடத்துல ஆளுங்க மணிக்கணக்கா மாட்டிக்கறதை பாத்திருக்கேன். ஒண்ணு, வேர்ட்ல இருந்தோ ஐபோன்ல டைப் பண்ணி அனுப்பின மெசேஜ்ல இருந்தோ கமாண்டை காப்பி பண்றது. அங்க நேர் கோட் வளைஞ்ச கோட்டா மாறியிருக்கும், ரெண்டு ஹைஃபன் சேர்ந்து ஒரு நீள கோடா ஆயிருக்கும், பாக்க ஒண்ணு மாதிரியே இருக்கும், ஓடாது. சோதனை ஸ்கிரிப்ட்ல ரெப்ர் போட்டது இதை பிடிக்கவும் தான். இன்னொண்ணு டாஸ்க்பார். ஷார்ட்கட்டை டாஸ்க்பார்ல பின் பண்ணினா அது தனி காப்பி, டெஸ்க்டாப்ல இருக்கறதை நீங்க திருத்தினாலும் டாஸ்க்பார்ல இருக்கறது பழைய ஆர்க்யூமெண்ட்டோடயே ஓடும். அக்கா எதை கிளிக் பண்றாங்கன்னு பக்கத்துல நின்னு பாருங்க. டார்கெட் பெட்டியில 260 எழுத்துக்கு மேல இடமும் கிடையாது, நீள பாத்தும் நாலஞ்சு ஆப்ஷனும் சேர்ந்தா வால் அறுந்துடும், அப்போ ஒரு பேட்ச் ஃபைல்ல எழுதி அதுக்கு ஷார்ட்கட் போடறது தான் வழி.

தேதி விஷயம். டார்கெட்ல %டேட்%னு எழுதினா இன்னிக்கு தேதி வரும்னு எதிர்பாத்திருப்பீங்க, வராது. %யூசர்ப்ரொஃபைல்% மாதிரி நிஜ என்விரான்மெண்ட் வேரியபிளை ஷார்ட்கட் விரிக்கும், ஆனா %டேட்% அப்படி எங்கயும் சேமிச்சு வச்சது இல்லை, சிஎம்டி ஓடும்போது அதுவே அந்த நேரத்துக்கு போட்டு கொடுக்கறது. சிஎம்டி வழியா ஓட்டினா வரும், ஆனா மெஷினோட ரீஜன் செட்டிங் எப்படியோ அப்படி வரும், ஒண்ணுல தேதி முதல்ல, இன்னொண்ணுல மாசம் முதல்ல, சிலதுல கிழமையும் ஸ்பேஸும் சேர்ந்து. மார்ச் 4 கணக்கு ஏப்ரல் 3ல போய் விழுந்தா யாரு கண்டுபிடிக்கறது. தேதி கொடுக்கலைன்னா இன்னிக்கு தேதியை நீயே எடுத்துக்கோன்னு ஸ்கிரிப்ட்டுக்குள்ள எழுதிடுங்க, பழைய நாள் கணக்கு வேணும்னா மட்டும் கையில கொடுக்கலாம். கடை ராத்திரி 12 தாண்டி சாத்தற நாள் உண்டுன்னா விடியக்காலை 4 மணி வரைக்கும் முந்தின நாள்னு எடுத்துக்க சொல்லுங்க.

கிளை பேரை தமிழ்லயே அனுப்ப ஆசை இருந்தா தாராளமா அனுப்பலாம். விண்டோஸ்ல தமிழுக்குன்னு பழைய பாணி ஆன்சி கோட்பேஜ் (எழுத்து அட்டவணை) கிடையாது, தமிழ் யூனிகோட்ல மட்டும் தான் உண்டு. ஷார்ட்கட்ல இருந்து லாஞ்சர் வழியா பைத்தானுக்கு போற பாதை முழுக்க யூனிகோட், எழுத்து கெடாம போய் சேரும், 3.6ல இருந்து ஸ்க்ரீன்ல பிரிண்ட் பண்றதும் பிரச்சினை இல்லை. அவுட்புட்டை ஃபைலுக்கு திருப்பி விட்டா தான் எரர் வரும், அதுக்கு பைத்தான்யூடிஎஃப்8ங்கற என்விரான்மெண்ட் வேரியபிளை 1னு வைங்க. பேட்ச் ஃபைலுக்குள்ளயே தமிழ் எழுதினா சேவ் பண்ணும்போது பிஓஎம் (ஃபைல் ஆரம்பத்துல ஒட்டற மறைவு குறி) இல்லாத யூடிஎஃப்-8ஆ பண்ணுங்க, ஃபைலுக்குள்ள மேல சிஎச்சிபி 65001னு ஒரு வரி போடுங்க, சிஎம்டி அந்த எழுத்து முறைக்கு மாறிடும்.

உபுண்டுக்கு போனா கோட் விதிங்க எல்லாம் மாறும். அங்க ஷார்ட்கட்ங்கறது டாட் டெஸ்க்டாப்னு முடியற ஒரு சாதா டெக்ஸ்ட் ஃபைல், எக்ஸெக்ங்கற வரியில கமாண்ட். அந்த வரியை ஷெல் (டெர்மினல்ல அடிக்கற கமாண்டை படிக்கற ப்ரோக்ராம்) படிக்கறது இல்லை, அதனால டில்டே, டாலர் ஹோம், பைப், && எதுவும் வேலை செய்யாது, முழு பாத் எழுதணும். இங்கயும் டபுள் கோட் தான், சிங்கிள் கோட் விதிப்படி செல்லாது. % குறி வேணும்னா %%னு ரெண்டா போடணும், ஏன்னா %எஃப் மாதிரி குறிங்களுக்கு அங்க தனி அர்த்தம், இழுத்து போட்ட ஃபைலை வாங்கறதுக்கு அது. ஸ்டார்ட் இன்னுக்கு பதிலா பாத்னு ஒரு வரி, விண்டோ தெரியணும்னா டெர்மினல்=ட்ரூ. எழுதி முடிச்சதும் டெஸ்க்டாப்-ஃபைல்-வேலிடேட் கமாண்ட் போட்டா தப்பு இருந்தா சொல்லிடும், அப்புறம் ஐகான் மேல ரைட் கிளிக் பண்ணி 'அலவ் லாஞ்சிங்' கொடுக்கணும், அது வரைக்கும் கிளிக் பண்ணினா ஓடாது. விண்டோஸ்ல எழுதின ஸ்கிரிப்ட்டை அப்படியே பென்டிரைவ்ல கொண்டு போய் நேரா ஓட்டினா, வரி முடிவுல இருக்கற கண்ணுக்கு தெரியாத ஒரு எழுத்தால பைத்தான்3ங்கற பேரே தப்பா போய் 'அப்படி ஒரு ஃபைல் இல்லை'ன்னு வரும். ஃபைல் கண் முன்னாடியே இருக்கும், இல்லைன்னு சொல்லும். அந்த எழுத்தை எடுத்துடற டாஸ்2யூனிக்ஸ் கமாண்டை ஒரு தடவை ஓட்டிட்டு, எக்ஸிக்யூட் பர்மிஷன் கொடுத்துட்டு, அங்கயும் முதல்ல சோதனை ஸ்கிரிப்ட்டையே ஓட்டி பாருங்க.